கூலி என்பது ஆளின் பெயரா? உழைப்பின் விலை!



2025 ஆகஸ்டில் ரஜினிகாந்தின் 'கூலி' படம் வந்தது. ஜொகூர் பாருவில் நம் பிள்ளைகள் அந்தச் சொல்லைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குப் போனார்கள். கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். நல்லது. ஆனால் அதே பிள்ளை பரீட்சையில் மதிப்பெண் குறைந்து வீட்டுக்கு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒழுங்கா படிக்கலன்னா கூலி வேலைக்குத்தான் போவ!"

திரையில் பெருமை. வீட்டில் வசவு. வெளியே யாராவது மாற்று இனத்தவன் நம்மைப் பார்த்து "கூலி" என்றால் அடிதடி. ஒரே சொல், மூன்று பொருள்! இந்தச் சொல்லை நமக்கு எதிராக யார் திருப்பியது? எப்போது திருப்பியது? அதைவிட முக்கியமாக, அந்தச் சொல்லுக்குள் இருந்த நம்முடைய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு போனவன் யார்? இதைத்தான் இன்று பேசப் போகிறோம். இது தமிழ் வகுப்புப் பாடம் இல்லை. உங்கள் சம்பளச் சீட்டு பற்றிய பேச்சு.

நாம் கொடுத்த சொல்

தமிழில் 'கூலி' என்றால் என்ன? செய்த வேலைக்குக் கொடுக்க வேண்டிய ஊதியம். அவ்வளவுதான். நாட்கூலி, சுமைகூலி, அறுப்புக்கூலி, வண்டிக்கூலி என்று எத்தனை சொற்கள்! எல்லாமே பணத்தை, நெல்லை, பெற வேண்டிய பங்கைக் குறிப்பவை. வேலை செய்தவனைக் குறிக்க வேண்டுமானால் 'கூலியாள்', 'கூலிக்காரன்' என்று இன்னொரு சொல் சேர்க்க வேண்டும். ஆள் வேறு, அவன் வாங்கும் கூலி வேறு என்ற தெளிவு நம் மொழியில் இருந்தது.

நகைக்கடைக்குப் போயிருக்கிறீர்கள். தாலிக்கொடி வாங்கும்போது பில்லில் என்ன எழுதியிருக்கிறது? செய்கூலி, சேதாரம். அந்தச் செய்கூலியைப் பார்த்து யாராவது வெட்கப்படுகிறோமா? தங்கத்தைத் தட்டி நகையாக்கிய கைக்கு உரிய விலை என்று கொடுத்துவிட்டு வருகிறோம்.

திருவள்ளுவரும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். விடாமுயற்சியைப் பற்றிய 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், உடலை வருத்தி உழைத்தவனுக்கு வந்து சேரவேண்டிய பலனுக்கு அவர் வைத்த பெயர் கூலி. தெய்வமே கைவிட்டாலும் உழைப்பு தன் கூலியைத் தந்துவிடும் என்பது அவர் கருத்து. வள்ளுவர் வாயில் மரியாதையாக இருந்த சொல் எப்படி நம் வாயில் வசவு ஆனது?

அவன் திருப்பிக் கொடுத்த சொல்

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராக நம் கடற்கரைகளில் வந்து இறங்கினார்கள். மூட்டை தூக்க ஆள் வேண்டும், கப்பலில் சரக்கு ஏற்ற ஆள் வேண்டும். கூலிக்கு வந்தவனை அவர்கள் 'கூலி' என்றே கூப்பிட்டார்கள். ஊதியத்தின் பெயர் மனிதன் மேல் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

இன்னொரு கருத்தும் உண்டு. குஜராத் கடற்கரைப் பக்கம் வாழும் கோலி மக்களின் பெயரிலிருந்து இந்தச் சொல் போர்த்துக்கீசியர் வழியாகப் பிறந்தது என்பார்கள். இந்தியாவில் ஆங்கிலேயர் பேசிய சொற்களைத் தொகுத்து 1886-ல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதி இரண்டு மூலங்களையும் பேசுகிறது. ஒரு சாதியின் பெயரும் ஒரு மொழியின் ஊதியச் சொல்லும் வெள்ளைக்காரன் காதில் ஒன்றாகக் கலந்து போயின என்று ஏற்றுக்கொண்டாலும், நடந்தது ஒன்றுதான்: பேசும்போது வெள்ளைக்காரன் ஆளை வைத்துக்கொண்டு ஊதியத்தைக் கழற்றிவிட்டான்!

நன்றாகக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'சேலரி' என்ற சொல் இருக்கிறது. அது லத்தீன் மொழியில் உப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. உப்பிலிருந்து பிறந்த சொல் கோட்டு சூட்டு போட்டு அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டது. கூலியிலிருந்து பிறந்த சொல்லோ தலையில் மூட்டையோடு வெயிலில் நிறுத்தப்பட்டது. சொல்லில் என்ன குற்றம்? அதைச் சுமந்தவன் கறுப்பாக இருந்தான், ஏழையாக இருந்தான். குற்றம் அதுதான்.

கப்பல் ஏறிய சொல்

அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்த பிறகு கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் கிடைக்கவில்லை. அடிமை என்று சொல்ல முடியாது. வேறு பெயர் வேண்டும். 'கூலி' தயாராக இருந்தது.

1847-ல் சீனத் தொழிலாளர்களைக் கியூபாவுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். சீன மொழியில் இந்தச் சொல்லை இரண்டு எழுத்துகளால் எழுதினார்கள். முதல் எழுத்துக்குக் கசப்பு, துன்பம் என்று பொருள். இரண்டாவது எழுத்துக்கு வலிமை. கசப்பான உழைப்பு! ஒலிக்காகத் தேர்ந்தெடுத்த எழுத்துகள், உண்மையைச் சொல்லிவிட்டன.

1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரையில் நம் மக்களை இறக்கியது. அங்கே இந்தச் சொல் இன்னொரு படி கீழே இறங்கியது. கரும்பு வெட்டுகிறவன் மட்டும் கூலி என்ற நிலை போய், இந்தியனாகப் பிறந்த எல்லாருமே கூலி ஆனார்கள். கடை வைத்திருந்தவன் கூலி வியாபாரி. 1893-ல் லண்டனில் சட்டம் படித்துவிட்டு வந்து இறங்கிய காந்தி, 'கூலி பாரிஸ்டர்'! தமிழர்களை 'சாமி' என்றும் கேலியாகக் கூப்பிட்டார்கள். நம் பெயர்களின் பின்னால் வரும் சாமிதான் அது. 'சாமி' என்றால் எஜமான் என்று பொருள், நான் உங்கள் எஜமான் இல்லையே என்று சாமர்த்தியமுள்ள இந்தியர்கள் திருப்பிக் கொடுப்பார்கள் என்று காந்தி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நமக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுமத்திராவில் டச்சுக்காரர்கள் 1880-ல் 'கூலிச் சட்டம்' என்றே பெயர் வைத்து ஒரு சட்டம் போட்டார்கள். வேலையை விட்டு ஓடினால் அது ஒப்பந்த மீறல் மட்டும் இல்லை, தண்டனைக்குரிய குற்றம். சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கடனைத் திருப்பாதவன் மேல் வழக்குப் போடலாம், வேலைக்கு வராதவனை நீக்கலாம். வேலையை விட்டுப் போனவனைச் சிறையில் அடைக்கிறாய் என்றால், நீ அவன் உழைப்பை விலைக்கு வாங்கவில்லை, அவனையே வாங்கியிருக்கிறாய். 'கூலி' என்ற சொல்லுக்கு அன்று சட்டம் கொடுத்த பொருள் இதுதான்.

மலாயாவில் கூலிக்கு வந்த கூலி

மலாயாவில் ஒப்பந்த முறை 1910-ல் ஒழிந்தது. அதற்குப் பதிலாகக் கங்காணி முறை ஓங்கியது. ஊருக்குப் போய் உறவையும் சாதிசனத்தையும் சேர்த்துக் கூட்டிவருவான் கங்காணி. 1907-ல் தொடங்கிய குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கொடுத்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறினவர்கள் பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் இறங்கினார்கள். அங்கிருந்து காடு. காட்டை அழித்து ரப்பர்.

சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், உலு திராம், மாசாய். இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டாலே உங்களில் பலருக்குத் தாத்தா பாட்டி நினைவு வரும். பெரட்டுக்களத்தில் இருட்டில் பெயர் கூப்பிட்டதும், கிராணியின் செக்ரோலும், ஆயாக் கொட்டகையும் நினைவு வரும். அவர்கள் குடியிருந்த வீட்டு வரிசைக்கு ஆங்கிலத்தில் 'கூலி லைன்' என்று பெயர். அந்த 'லைன்' தான் நம் வாயில் 'லயம்' ஆனது. சாப்பிட்ட அரிசியும் குடியிருந்த வீடும் கூலியின் பெயரில். ஆனால் உண்மையான கூலி எவ்வளவு?

1920களின் கடைசியில் ஆணுக்கு நாளுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று வைத்திருந்தார்கள். 1930-ல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டினார்கள். லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறினால் லாபம் லண்டனுக்கு, விலை விழுந்தால் பட்டினி லயத்துக்கு! 1938-ல் மறுபடியும் கூலியைக் குறைத்தபோதுதான் இந்திய அரசாங்கம் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய போராட்டம் அது. என்ன கேட்டார்கள் தெரியுமா? சீனத் தொழிலாளிக்குக் கிடைக்கும் அதே கூலி வேண்டும் என்றார்கள். பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றார்கள். துரையும் கிராணியும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டிய கட்டாயத்தை ஒழிக்க வேண்டும் என்றார்கள்.

கூலியும் சைக்கிளும் ஒரே மனுவில்! அந்தப் பெரியவர்கள் பள்ளிக்கூடம் காணாதவர்கள். ஆனாலும் காசையும் மானத்தையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்று புரிந்துவைத்திருந்தார்கள். பதிலுக்கு வந்தது இராணுவம். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர்கள் செத்தார்கள்.

எண்ணிக்கை மட்டும், பெயர் இல்லை

அடுத்த ஆண்டே ஜப்பான்காரன். சயாம் மரண ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனான். நல்ல கூலி, மூன்று மாத வேலை என்று ஆசை காட்டியும், காட்டாமலும். ஜப்பானியர் அவர்களுக்கு வைத்த பெயர் 'ரோமுஷா'. பெயர் மாறியது, நிலைமை மாறவில்லை.

இன்று தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போய்ப் பாருங்கள். ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயரும் வயதும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான், அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள்தான். அந்தப் பாதையில் செத்த ஆசியத் தொழிலாளர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை என்று கணக்கு. தமிழர், பர்மியர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் அதில் உண்டு. அவர்களுக்கு அப்படி ஒரு கல்லறை வரிசை எங்கே? கணக்கிலேயே 20,000 பேர் இடைவெளி இருக்கிறதே, ஏன்?

சிப்பாய் செத்தால் பெயர் எழுதினார்கள். கூலி செத்தால் எண்ணிக்கை எழுதினார்கள், அதையும் குத்துமதிப்பாக! ஒரு சொல் மனிதனை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

பெயர் மாற்றினால் போதுமா?

"அப்படியானால் அந்தச் சொல்லைத் தடை செய்துவிடலாமே!" என்று சிலர் சொல்வார்கள். சொல் புண்படுத்தும் என்பது நமக்குத் தெரியாததா? 2011-ல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு 'இந்தர்லோக்' நாவலைப் பாடநூலாக வைத்து, நம் முன்னோரைச் சாதிப் பெயர் சொல்லி எழுதியிருந்ததைப் படிக்க வைத்தபோது நாடு முழுதும் எதிர்த்து நின்றோம். அந்த ஆண்டு முடிவில் அரசாங்கம் புத்தகத்தை மீட்டுக்கொண்டது. நின்றது சரி. இன்னொரு முறை நடந்தால் இன்னொரு முறையும் நிற்போம்.

ஆனால் பெயரை மட்டும் மாற்றி ஏமாற்றும் வித்தையும் உலகத்தில் நடக்கிறது. 2016-ல் இந்திய ரயில்வே வரவுசெலவுத் திட்டத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. ரயில் நிலையத்தில் சிவப்புச் சட்டை போட்டு மூட்டை தூக்கும் கூலிகளை இனி 'சகாயக்' என்று அழைக்க வேண்டுமாம். உதவியாளர் என்று பொருள். தலையில் இருந்த பெட்டியின் எடை அந்த அறிவிப்பால் குறைந்ததா?

நம் ஊருக்கு வாருங்கள். இன்று ஜொகூரில் யாரும் உங்களைக் கூலி என்று பத்திரத்தில் எழுதமாட்டார்கள். 'பொதுத் தொழிலாளி', 'துப்புரவுப் பணியாளர்', 'பாதுகாவலர்', 'கான்ட்ராக்ட் ஊழியர்', சோறு கொண்டுபோய்க் கொடுக்கும் தம்பிக்கு 'பார்ட்னர்'! பங்காளியாம்! லாபத்தில் பங்கு உண்டா? மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவில் பங்கு உண்டா? அந்தத் தம்பிகள் தெருவில் இறங்கிக் கத்திய பிறகுதான் 2025-ல் கிக் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

என் அலுவலகத்துக்குத் தாள்களோடு வரும் அக்காமார்களைப் பார்க்கிறேன். ஒரு கட்டடத்தில் பத்து ஆண்டாகத் தரை துடைக்கிறார் ஒருவர். அதே கட்டடம், அதே வாளி, அதே துடைப்பம். ஆனால் டெண்டர் மாறும்போதெல்லாம் முதலாளியின் பெயர் மாறுகிறது. ஒவ்வொரு முறையும் அவர் 'புதிய ஊழியர்'. பத்து ஆண்டுச் சேவை காகிதத்தில் இரண்டு ஆண்டுதான். ஆண்டு விடுமுறை முதலிலிருந்து, பணிநீக்க இழப்பீட்டுக் கணக்கும் முதலிலிருந்து. மரியாதையான பெயர் கொடுத்துவிட்டார்கள், சேவைக் காலத்தைத் திருடிவிட்டார்கள்!

புரிகிறதா? அன்று வெள்ளைக்காரன் சொல்லிலிருந்து ஊதியத்தைக் கழற்றி ஆளை மட்டும் வைத்துக்கொண்டான். இன்று இருப்பவர்கள் அந்தச் சொல்லையே எடுத்துவிட்டுப் புதுச் சொல் தருகிறார்கள். அந்தப் புதுச் சொல்லுக்குள்ளும் ஊதியம் முழுசாக இல்லை. ஆகவே எந்தப் பெயரில் உங்களைக் கூப்பிட்டாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: "என் கூலி எங்கே?"

நம் வாயில் இருக்கும் வெள்ளைக்காரன்

இனி சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கேளுங்கள்.

மேசை நாற்காலியில் உட்கார்ந்து வாங்கினால் 'சம்பளம்' என்கிறோம். வெயிலில் நின்று வாங்கினால் 'கூலி' என்கிறோம். இந்தப் பிரிவினையை யாரும் துப்பாக்கி காட்டி நம்மிடம் திணிக்கவில்லை, நாமே வளர்க்கிறோம். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஊதியம் என்பதற்கு அதில் ஒரே விளக்கம்தான். செய்த வேலைக்காகத் தொழிலாளிக்குக் கொடுக்கவேண்டிய அடிப்படைச் சம்பளமும் மற்றப் பணமும். குளிர்சாதன அறைக்கு ஒரு விளக்கம், செம்பனைக் காட்டுக்கு ஒரு விளக்கம் என்று அதில் கிடையாது. சட்டத்துக்கு இல்லாத சாதி நம் நாக்குக்கு எதற்கு?

பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் "கூலி வேலைக்குப் போவ" என்று பயமுறுத்தாதீர்கள். அந்த வேலை செய்துதான் அந்தப் பிள்ளையின் அப்பா சீருடை வாங்கிக் கொடுத்தார். பிள்ளை வேலையை வெறுத்தால், முதலில் அப்பாவை வெறுக்கக் கற்றுக்கொள்கிறது. "இந்த வேலைக்கு அப்பாவுக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கலப்பா, நீ படிச்சு அதைக் கேட்டு வாங்கிக் கொடு" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை வேறு மாதிரி படிக்கும்.

இன்னொன்று. நம் தாத்தா பால் மரம் சீவிய அதே காட்டில் இன்று செம்பனைக் குலை வெட்டுகிறவர் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி, இந்தோனேசியர். ஏஜெண்டுக்குக் கடன் பட்டு வந்தவர், கடப்பிதழை முதலாளியிடம் பறிகொடுத்தவர், மூன்று தட்டுக் கட்டிலில் படுப்பவர். கங்காணி போய் ஏஜெண்டு வந்திருக்கிறான், லயம் போய் கொங்சி வந்திருக்கிறது. அவர்களை நாம் என்னவென்று கூப்பிடுகிறோம்? "ஏய், பங்களா!" அன்று நேட்டாலில் ஒரு நாட்டானையே ஒரு வேலையின் பெயரால் அழைத்தார்கள். இன்று நாம் ஒரு வேலையையே ஒரு நாட்டின் பெயரால் அழைக்கிறோம். என்ன வித்தியாசம்?

"அவன் வந்துதான் என் கூலி குறைந்தது" என்கிறீர்கள். 1941-ல் முதலாளிகள் தமிழனையும் சீனனையும் எதிரெதிரே நிறுத்தித்தான் இருவர் கூலியையும் பிடித்து வைத்திருந்தார்கள். கிள்ளான் தொழிலாளி "சீனனை விரட்டு" என்று கேட்கவில்லை. "அவனுக்குக் கொடுப்பதை எனக்கும் கொடு" என்றார். அவனுடைய கூலி உயராமல் உங்களுடைய கூலி உயராது. மலிவாகக் கிடைக்கும் ஒருவன் பக்கத்தில் இருக்கும்வரை முதலாளி உங்களுக்கு ஏன் கூட்டிக் கொடுப்பான்?

இனி செய்ய வேண்டியது

கூட்டத்தில் கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவதோடு முடிந்துவிடக் கூடாது. சட்டத்தில் நமக்கென்று சில ஆயுதங்கள் இருக்கின்றன. முழுமையானவை என்று சொல்லமாட்டேன். இருப்பதையாவது எடுத்துப் பயன்படுத்துங்கள்.

1. குறைந்தபட்சச் சம்பளம். 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியில் தொடங்கியது. 2025 ஆகஸ்டு முதல் தேதியிலிருந்து, எத்தனை சிறிய முதலாளியாக இருந்தாலும், மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்யும் நாட்சம்பளக்காரருக்கு ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. இது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸ், ஓவர்டைம் எல்லாம் சேர்த்து 1,700 காட்டினால் அது ஏமாற்று. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே தொகைதான். சட்டத்தை மீறும் முதலாளிக்கு ஒரு தொழிலாளிக்கு 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வீட்டு வேலை செய்பவர்களை மட்டும் இதில் சேர்க்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த அநியாயத்தையும் நாம் கேட்க வேண்டும்.

2. சம்பளச் சீட்டு. ஒவ்வொரு மாதமும் கேட்டு வாங்குங்கள், கிழித்துப் போடாதீர்கள். பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். ஈ.பி.எப்., சொக்சோ பிடித்ததாகச் சீட்டில் இருந்தால் மட்டும் போதாது. உண்மையில் கட்டியிருக்கிறார்களா என்று பிள்ளைகளை விட்டுக் கைப்பேசியில் பார்க்கச் சொல்லுங்கள். உங்களிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம்.

3. கான்ட்ராக்டர் ஓடிவிட்டானா? வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவைச் சொல்லுங்கள். கான்ட்ராக்டர் சம்பளம் தராமல் போனால், வேலையைக் கொடுத்த மூல நிறுவனமும் பொறுப்பு. மூன்று மாதச் சம்பளம் வரை அதனிடம் கேட்கலாம். ஆனால் 90 நாளுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். "அடுத்த மாசம் தர்றேன், அடுத்த மாசம் தர்றேன்" என்று இழுத்தடிப்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா?

4. "நீ என் ஊழியனே இல்லை" என்கிறார்களா? எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த 101சி பிரிவு, எப்போது ஒருவரைத் தொழிலாளியாகக் கருத வேண்டும் என்று சொல்கிறது. உங்கள் வேலை நேரத்தை யார் முடிவு செய்கிறார்? வேலை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார்? கருவி யாருடையது? சட்டம் பார்ப்பது இதைத்தான், முதலாளி உங்களுக்கு வைத்த செல்லப் பெயரை இல்லை.

5. தொழிலாளர் இலாகா. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தனியாகப் போக பயமாக இருந்தால் நான்கு பேராகப் போங்கள். நாலு பேர் போனால் நாற்காலி போடுவார்கள்!

6. சங்கம். சட்டத்தில் எழுதியிருப்பது எல்லாம் சங்கம் சேர்ந்தவர்கள் ரத்தம் கொடுத்து எழுத வைத்தது. சங்கத்தில் இல்லாதவன் அந்த நிழலில் நிற்கிறான், மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. சேருங்கள். தலைவர் சரியில்லை என்றால் உள்ளே இருந்து மாற்றுங்கள்.

சொல்லை மீட்போம்

மொரிஷியஸ் தீவில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய படித்துறைக்கு 'கூலி காட்' என்று ஒரு காலத்தில் பெயர். அவர்களின் பேரப்பிள்ளைகள் அதை இடித்துத் தள்ளவில்லை. 'ஆப்ரவாசி காட்' என்று பெயரிட்டுப் பாதுகாத்தார்கள். 2006-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அதே தீவின் கவிஞர் கால் தொராபுலி 'கூலி' என்ற சொல்லிலிருந்தே ஒரு புதுச் சொல்லை உருவாக்கி, கடல் கடந்து உழைத்தவர்களின் வரலாற்றுக்கு அதைப் பெயராக வைத்தார். வெட்கப்பட்டு மறைத்து வைத்த சொல்லை எடுத்து வெளிச்சத்தில் வைத்துவிட்டார்கள்.

இங்கே ஜொகூரில் என்ன நடக்கிறது? 2006-ல் இஸ்கண்டார் திட்டம் வந்தபின் தோட்டத்து மண் வீடமைப்பு மனைகளாக மாறிக்கொண்டே இருக்கிறது. காடாக இருந்ததை மண்ணாக்கியவர்களின் பேரன், அதே மண்ணில் எழும்பிய பேரங்காடியின் வாசலில் பாதுகாவலராக 12 மணி நேரம் நிற்கிறான். இன்னொரு பேரன் விடியுமுன்பே பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறான், ஏன்? இங்கே கூலி போதவில்லை. 2007 நவம்பர் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதியில் கண்ணீர்ப் புகையில் நின்றவர்கள் கேட்டதும் இதே கணக்கைத்தான். எங்கள் உழைப்பை வாங்கினீர்களே, அதன் கூலி எங்கே?

ஆகவே இனிமேல் யாராவது உங்களைப் பார்த்துக் "கூலி" என்றால் தலை குனியாதீர்கள். கைநீட்டிச் சண்டைக்கும் போகாதீர்கள். "ஆமாம், அது எங்கள் மொழிச் சொல். வேலைக்குக் கொடுக்க வேண்டிய விலை என்று பொருள். இன்னும் பாக்கி இருக்கிறது. எப்போது தருகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

ஆளுக்கு வைத்த பெயரை அழிப்போம். உழைப்புக்கு வைத்த பெயரை மீட்போம். இந்த வாரமே அந்தப் பிஸ்கட் டின்னைத் திறந்து கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை எடுத்துக் கணக்குப் பாருங்கள். ஒரு வெள்ளி குறைந்திருந்தாலும் அது உங்களுடையது.